'டக்' என்ற பிறகும் ஒரு லிட்டர்

சைனபாவின் தேயிலையைக் கெடுத்தது நான்தான்.

கெடுத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'பெட்ரோல் வாடை வருது' என்று சொன்ன அவரைக் கேலி செய்து இதே பக்கத்தில் எழுதவும் செய்தேன். சில மாதங்களுக்கு முன் 'பக்கத்து வீட்டு மூக்கு' என்று ஒன்று வந்ததே... நினைவிருக்கிறதா? பலர் ஃபோன் செய்து பாராட்டினீர்கள். பஸ்ஸில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்து, பக்கத்து சீட்காரர் முறைத்ததாக ஒருவர் சொன்னார். அந்தச் சிரிப்பையெல்லாம் இன்றைக்குத் தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் தோப்பும்படிப் பக்கம் பங்க்கில் பெட்ரோல் போடப் போனேன். ஃபுல் டேங்க் சொன்னேன். பெட்ரோல் குழாயின் நாசில் 'டக்' என்று தானாக நின்றது. மீட்டரில் ஏதோ ஒரு சில்லறைத் தொகை.

"ரவுண்டாக்கட்டே ஸாரே?" என்றார் பங்க்காரர். வழக்கமாக அவர் கேட்கும் முன்பே, முழுத் தொகை வரும்வரை ஊற்றச் சொல்லி நானே சொல்லிவிடுவேன்.

"வேண்டாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுகமில்லையா ஸாரே?"

உடம்பெல்லாம் சுகம்தான். கதையைச் சொல்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்காக: எனக்கு ஊர் கோயம்புத்தூர், வீடு மட்டாஞ்சேரி. காக்கநாட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எஞ்சின் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவன். எஞ்சினைப் பற்றி யார் எது சொன்னாலும் குறுக்கே பேசும் வியாதி அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

சைனபா எனக்குப் பக்கத்து வீடு. ஐம்பது வயதிருக்கும். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் தமிழ் எழுத்து அவருக்கு வாசிக்க வராது. மூணாறு தேயிலையில் ஏலக்காய், சுக்கு, பட்டை எல்லாம் கலந்து மசாலா டீத்தூள் தயாரித்து, ஃபோர்ட் கொச்சி கஃபேக்களுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் கொடுக்கிறார். அளவு, பதம், தரம் எல்லாம் பார்ப்பது மூக்கால்தான். ஒரு பிடி அள்ளுவார், முகர்வார், "இது போகட்டும்" என்பார். அல்லது "இது நமக்கே" என்பார். 'நமக்கே' என்றால் வெளியே விற்கக் கூடாது, வீட்டுக்கு என்று அர்த்தம்.

தேயிலைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை வாங்கி வைத்துக்கொள்ளும். மளிகைப் பையில் சோப்போடு சேர்ந்து வந்த தேயிலையில் டீ போட்டுக் குடித்துப் பாருங்கள்... குளித்த மாதிரி இருக்கும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் பக்கம், தகர ஷீட் போட்ட கார் ஷெட். அவர் பக்கம், தேயிலை ட்ரேக்களைப் பரப்பி வைக்கும் அறை. சுவரின் மேலே ஒரு வென்டிலேட்டர். நான் காரை எப்போதும் ரிவர்ஸில்தான் உள்ளே விடுவேன். அந்தச் சந்தில் ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுப்பது என் பெருமைகளில் ஒன்று. ஆக, வண்டியின் பின்பக்கம் நேராக அவருடைய வென்டிலேட்டருக்குக் கீழே. பெட்ரோல் டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறது? பின்பக்கம்தான்.

கோடையில் ஒரு மத்தியானம் சைனபா கேட் அருகே வந்து நின்றார்.

"ஸாரே, உங்க ஷெட்டுல இருந்து பெட்ரோல் மணக்குது."

"மணக்காதே."

"மணக்குது ஸாரே. ட்ரே எல்லாம் தூக்கி பெட்ரூமுல வெச்சிருக்கேன். கட்டில்ல தேயிலை, தரையில நான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "கோயம்புத்தூர்ல இருந்து வர்றப்ப கேன்ல ஏதும் வாங்கிட்டு வந்து வெச்சிருக்கீங்களோ?"

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

கொச்சித் தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு. கோயம்புத்தூர் போய்த் திரும்பும் எங்களில் எவரும், வாளையார் செக்போஸ்ட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசி பங்க்கில் டேங்க்கை நிரப்பாமல் கேரளாவுக்குள் வருவதில்லை. கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவதுபோல அது ஒரு சம்பிரதாயம். என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை போய்விடுவோம். டேங்க்கில் நிரப்புவது சரி... கேனில் கடத்துவதா? ஒரு பேராசிரியரைப் பார்த்து இந்தக் கேள்வியா?

அவருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். வெயிலில், கேட்டைப் பிடித்துக்கொண்டு.

"சைனபா, பெட்ரோல் சும்மா இருக்காது. சூடு பட்டால் ஆவியாகும். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் அந்த ஆவி மூடியில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே போகும். அப்போதெல்லாம் நீங்கள் சொல்வது சரி. இது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. டேங்க் இறுக்கமாக மூடியிருக்கும். ஆவி ஒரு குழாய் வழியாகக் கரித்தூள் டப்பாவுக்குப் போகும். அந்தக் கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது கம்ப்யூட்டர் ஒரு வால்வைத் திறக்கும். டப்பாவின் இன்னொரு ஓட்டை வழியாக நல்ல காற்று உள்ளே வரும்; கரியில் இருக்கும் ஆவி அதோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். திரும்பவும் கரி காலி. வெளியே வரவே வராது. சட்டமே அப்படி!"

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அப்போ இந்த மணம்?"

"அது உங்கள் மூக்கு."

சொன்னதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை. இன்றும் பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும். நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று... அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்குள்ளும் ஒரு சாட்சி இருந்தது. என் மனைவி வசந்தா.

"எனக்கும் லேசா வாடை வருதுங்க."

"சைனபா சொன்னதால் உனக்கும் வருகிறது. மனசு செய்யும் வேலை."

"உங்களுக்கு வரலையா?"

"சுத்தமாக இல்லை."

இதிலும் பொய் இல்லை. சில வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சலில் என் மூக்கு பாதி போய்விட்டது. சாம்பார் தீய்ந்தாலும் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மூக்கே இல்லாத ஒருவன், மூக்கை வைத்துத் தொழில் செய்கிற ஒருவருக்குத் தீர்ப்புச் சொன்னான். அதோடு நிறுத்தினானா? கட்டுரையும் எழுதினான்.

'இன்று தேயிலையில் பெட்ரோல். நாளை நெய்மீனில் டீசல். நாளன்றைக்குப் பாயசத்தில் கிரீஸ்' என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. ஆனால் மட்டாஞ்சேரி என்று போட்டேன், டீத்தூள் என்று போட்டேன், பக்கத்து வீடு என்று போட்டேன். சைனபாவுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியம். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பாலக்காட்டில் இருக்கும் அவருடைய நாத்தனாருக்கு வாசிக்க வரும்! இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கும் வாசகி. படித்தார், கண்டுபிடித்தார், வாய்ஸ் மெசேஜில் முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து ஃபேமிலி குரூப்பில் போட்டார். குரூப் முழுக்க கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். அதற்குப் பிறகு சைனபா எங்கே போனாலும், 'மைனி, இந்த பிரியாணியில பெட்ரோலா டீசலா?' என்று ஒரே விசாரிப்பு.

சைனபா என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் எப்படியாவது ஜெயித்திருப்பேன். அவர் செய்தது வேறு. தன் மூக்கைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

இது எனக்கு அப்போது தெரியாது. கோடை போய், மழையும் பாதி போன பிறகுதான் தெரிந்தது.

வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்தது. பெட்ரோல் நிரப்பிய பிறகு ஸ்டார்ட் செய்தால் இருமி இருமி எழுந்திருப்பது கொஞ்ச நாளாகவே இருந்தது. 'என்னைப் போல அதற்கும் வயதாகிவிட்டது' என்று விட்டிருந்தேன். விளக்கு எரிந்ததும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கூடவே வசந்தாவும் வந்தாள்.

ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். பிறகு வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, பின்பக்கம் டேங்க்குக்கு அருகிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றிக் கொண்டுவந்தார் சர்வீஸ் அட்வைசர் அஞ்சு. சாய்த்தார். உள்ளேயிருந்து பெட்ரோல் சொட்டியது. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் கரித்தூள் சேறு மாதிரி வழிந்தது.

"ஸாரே, டேங்க் ஓவர்ஃபில் பண்ணுவீங்களா?"

"இல்லையே" என்றேன். யோசிக்காமல் வந்தது பதில். திருட்டு மாணவர்களின் முகத்தில் பல வருடம் பார்த்த அதே வேகம்.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வசந்தா மெதுவாகக் கேட்டாள்:

"வாளையாருக்கு முன்னாடி காரைப் பிடிச்சு ஆட்டுவீங்களே... அது என்னங்க?"

அஞ்சு சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆமாம், ஆட்டுவேன். இதுதான் நான் அன்றைக்குப் பாடத்தில் சொல்லாமல் விட்டது. 'டக்' என்று நாசில் நின்ற பிறகு, இறங்கிப் பின்பக்கம் போய், வண்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவேன். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி வெளியே வந்து இடம் கொடுக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வேன். மறுபடி 'டக்'. மறுபடி உலுக்கல். டேங்க்கின் கழுத்தில் பெட்ரோல் தளும்புவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் எனக்குத் திருப்தி. வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிக்காரரும் அப்படித்தான் உலுக்கிக்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவரும். எல்லோரும் கொச்சிக்காரர்கள்.

'டக்' எதற்கு? டேங்க்கின் மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதற்கு. அது ஆவி விரிவதற்கான இடம். அதையும் நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே குழாயில் ஏறிக் கரி டப்பாவுக்குள் போய்விடும். கரி ஆவியைப் பிடிக்கும். பெட்ரோலில் முங்கினால் பாவம், அது என்ன செய்யும்? ஊறிப் பொடியாகிவிடும். பிறகு வருகிற ஆவியெல்லாம், நல்ல காற்று வர வைத்திருக்கும் ஓட்டை வழியாக நேராக வெளியே போகும். தகர ஷீட்டுக்குக் கீழே, மத்தியான வெயிலில், சைனபாவின் வென்டிலேட்டரை நோக்கி.

இதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். வருடா வருடம். 'முட்டாள்கள் மட்டும்தான் டக்குக்குப் பிறகு ஊற்றுவார்கள்' என்று ஒரு ஜோக்கோடு.

கேனில் கொண்டுவருகிறீர்களா என்று சைனபா கேட்டார். கிட்டத்தட்ட சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பாத்திரம்தான் வேறு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வசந்தா சொன்னாள். "அந்த மூட்டை திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த மூட்டை?"

"சாபுவோட கஃபேக்குப் போன மூட்டை. சைனபா அதை முகர்ந்து பார்த்து 'இது நமக்கே'ன்னு ஒதுக்கித்தான் வெச்சாளாம். அப்புறம், 'ஸாரு அவ்வளவு படிச்சவரு சொல்றாரு, பேப்பர்லயும் போட்டுட்டாரு, எனக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சு'ன்னு நினைச்சு அனுப்பிட்டாளாம். சாபு திருப்பி அனுப்பிட்டான். இப்ப வேற ஆள்கிட்ட வாங்கறான். அவளுக்கு அதுதான் பெரிய ஆர்டர்."

"நீ ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா? எனக்கும் மூக்கு சரியில்லைன்னு ஒரு வாரம் எழுதியிருப்பீங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்கும் தமிழ் தெரியும் போல.

அன்று சாயங்காலமே சைனபா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இன்னமும் ட்ரேக்கள். அவர் தரையில் உட்கார்ந்து சுக்கு தட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: டப்பா, கரி, வாளையார், உலுக்கல். சர்வீஸ் சென்டரில் சொன்ன பொய்யையும் சேர்த்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ என் மூக்கு சரிதானா ஸாரே?"

"சரி. முழுக்கச் சரி."

அவர் சுக்கு தட்டுவதை நிறுத்தினார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எழுதித் தருவீங்களா?"

"தருகிறேன். மலையாளத்தில் எனக்கு எழுத வராதே..."

"தமிழ்லயே எழுதுங்க. எனக்கு எதுக்கு? என் நாத்தனார் படிக்கணும்."

எழுதுவதற்கு முன்னால், நானாகவே இன்னொன்றும் செய்யலாம் என்று போனேன். பெரிய மனுஷன் இல்லையா? ஃபோர்ட் கொச்சிக்குப் போய் கஃபே சாபுவைப் பார்த்தேன். தேயிலையில் குற்றமில்லை, என் வண்டியில்தான் குற்றம் என்று விளக்கினேன். நாப்கினில் டேங்க், டப்பா, வால்வு எல்லாம் படம் வரைந்து காட்டினேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். தன் வண்டியிலும் வாடை வருகிறது, என்ன செய்யலாம் என்று ஒரு சந்தேகமும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஸார் சொன்னா சரி. சைனபாத்தாவை சாதனம் அனுப்பச் சொல்லுங்க" என்றார். 'சாதனம்' என்றால் இங்கே சரக்கு.

பறந்து வந்து சைனபாவிடம் சொன்னேன். ஓர் ஆர்டரையே மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேனே! ஒரு கப் டீயாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

"அனுப்ப மாட்டேன்" என்றார் சைனபா.

"ஏன்?"

"அந்த மூட்டை திரும்பி வந்தப்ப நானே நடந்து போனேன் ஸாரே. 'தேயிலை நல்ல தேயிலை சாபு, வேற என்னமோ நடக்குது, ஒரு வாரம் பொறு'ன்னு கெஞ்சினேன். கேக்கல. நீங்க போய் ஒரு படம் வரைஞ்சதும் கேட்டுட்டாரா?" சுக்கு தட்டும் கல்லை ஓரமாக நகர்த்தினார். "தேயிலையோட வாசனை என்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கார்க்காரர்கிட்ட கேட்டா எப்படி? வேணும்னா இங்க வரட்டும். முகர்ந்து பாக்கட்டும். அப்புறம் பேசலாம்."

அவருடைய மூக்கை நம்பாமல் போனது நான் செய்த முதல் தப்பு. அந்த மூக்குக்கு நான் போய் சிபாரிசு செய்தது இரண்டாவது. என் மேதாவித்தனம், மன்னிப்புக் கேட்கப் போகும்போதும் எனக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

சாபு இன்னும் வரவில்லை. வருவாரா என்று தெரியவில்லை. ஒரு ஹோம்ஸ்டேக்காரர் கொஞ்சமாக வாங்க ஆரம்பித்திருக்கிறார். போன ஆர்டருக்கு அது ஈடாகாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்குப் புது டப்பா மாட்டியாகிவிட்டது. ஷெட்டுக்குள் இப்போது முன்பக்கமாகத்தான் விடுகிறேன். பின்பக்கம் தெருவைப் பார்த்து நிற்கிறது. காலையில் வெளியே எடுக்கும்போது சந்தில் முன்னும் பின்னும் போய்த் திணறுவதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே ரசிக்கிறார்கள். போன மாதம் வாளையாருக்கு முன்னால் 'டக்' என்றதும் மூடியைத் திருகச் சொன்னேன். பின்னால் உலுக்கிக்கொண்டிருந்தவர், 'அவ்வளவுதானா?' என்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நேற்று இந்தக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் சைனபாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் குறுக்கிட்டது ஒரே ஓர் இடத்தில்தான்.

"'ஐம்பது வயதிருக்கும்'னு எழுதியிருக்கீங்க?"

"ஏன், தப்பா?"

"தப்பில்ல. எழுதணுமான்னு கேட்டேன்."

கிளம்பும்போது கவனித்தேன். சுவரை ஒட்டிய அந்த அறையில், வென்டிலேட்டருக்குக் கீழே, ஒரே ஒரு ட்ரே பரப்பியிருந்தது. மற்றதெல்லாம் இன்னும் கட்டிலில்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"டெஸ்ட்டுக்கு வெச்சிருக்கேன் ஸாரே. வண்டியை இல்ல... உங்களை."

பாலக்காட்டில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் நாத்தனார் அவர்களுக்கு: அதே குரூப்பில், அதே ஏற்ற இறக்கத்தோடு, இதையும் முழுக்க வாசித்துவிடுங்கள் அம்மா.